யாரை அல்ல, யாரோடு!



'கோ-எக்ஸிஸ்ட்' என்றோர் ஆங்கில வினைச்சொல் உண்டு. 'கோ' என்றால் உடன். 'எக்ஸிஸ்ட்' என்றால் இருத்தல். இந்தியாவும் சீனாவும் 1954-ல் ஏற்றுக்கொண்ட பஞ்சசீலத்தின் ஐந்தாவது கொள்கை இதுவே. தமிழில் 'சமாதான சகவாழ்வு' என்றோம். ஆனால் 1962-ல் எல்லையில் போர் மூண்டது. சொல் ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது.

இச்சொல்லின் இலக்கணத்தைக் கவனியுங்கள். 'அடித்தான்' என்றால் 'யாரை?' என்று கேட்கலாம். இந்த வினைக்கு 'யாரை' கிடையாது. 'யாரோடு' என்பதே உண்டு. இதில் ஆள்பவனும் இல்லை, அடங்குபவனும் இல்லை. ஒருவர் மட்டும் செய்யக்கூடிய வினையும் அல்ல.

1966-ல் பம்பாயில் தோன்றிய சிவசேனை தென்னிந்தியர்களுக்கு எதிராகக் குரலெழுப்பியது. அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவோ இந்தியாவின் எப்பகுதியிலும் குடியிருக்கும் உரிமையைக் குடிமக்கள் அனைவருக்கும் தருகிறது. ஆகவே புனேயில் நாம் வாழ்வது யாரும் இட்ட பிச்சையல்ல. ஆனால் சட்டம் 'இருத்தலை'த்தான் தரும். 'உடன்' என்பதை மக்கள்தான் சேர்க்க வேண்டும்.

தஞ்சையில் 17-ம் நூற்றாண்டு முதல் 1855 வரை மராட்டியர் ஆண்டனர். ஆட்சி போயிற்று, அவர்கள் வழிவந்த குடும்பங்கள் வீட்டில் மராத்தியும் வீதியில் தமிழுமாக இன்றும் அங்கே வாழ்கின்றன. நாமும் வீட்டில் தமிழை விடாதிருப்போம். வீதியில் மராத்தி பேசுவோம். குழாயடியில் முறை காப்போம். கூலிப் போராட்டத்தில் மராத்தித் தொழிலாளியோடு ஒரே வரிசையில் நிற்போம். நம் மொழிக்கும் அதே மதிப்பைத் தலைநிமிர்ந்து கேட்போம்.

அதுவே சகவாழ்வு. மராத்தியில் அதன் பெயர் 'சஹஜீவன்'. சொல்லிலேயே எவ்வளவு நெருக்கம், பாருங்கள்!