ஒன்பதாம் மாடியில் ஒரு புதினாச் சாடி

போன ஒக்டோபரில் எங்கள் தொடர்மாடியின் நோட்டீஸ் போர்டில் ஒரு கடதாசி ஒட்டினார்கள். கொரிடோரில் வைத்திருக்கும் பூச்சாடிகளை ஞாயிற்றுக்கிழமைக்குள் எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் அப்புறப்படுத்தப்படும். சிங்களத்தில் மட்டும்தான் இருந்தது. கிராண்ட்பாஸில், பாதி வீட்டில் தமிழ் பேசுகிற ஒரு கட்டடத்தில்! சரி, அது வேறு கதை. அன்றைக்கு எங்கள் மாடியில் மொத்தம் பதினொரு சாடி இருந்தது. அதில் நாலு என்னுடையது. புதினா, கற்பூரவள்ளி, ரம்பை, பிறகு எதற்கென்றே தெரியாமல் புதைத்து வைத்த ஒரு இஞ்சித் துண்டு. (இங்குருக்கடைச் சந்தியால் தினமும் கம்பஸுக்குப் போய் வருகிறேன். பெயர் இஞ்சிக் கடை. இருப்பது கொள்கலன் லொறியும் ஹோர்ன் சத்தமும். அந்தப் பெயருக்காகவாவது ஒரு இஞ்சி முளைக்கட்டும் என்று வைத்தது.)

நாலு சாடிக்காக ஒரு கட்டுரையா என்று நீங்கள் கேட்கலாம். வீட்டிலும் கேட்டார்கள்.

அம்மாச்சிக்கு "தோட்டம்" என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். ஒன்று, ஹட்டன் பக்கம் அவர் பிறந்த தேயிலைத் தோட்டம். மற்றது கல்யாணம் கட்டி வந்து குடியிருந்த கொழும்புத் தோட்டம். பெரிய வீடுகளைச் சுற்றியிருந்த காணிகளில் துறைமுகத்திலும் கிட்டங்கிகளிலும் வேலை செய்தவர்களுக்கு வரிசை வரிசையாக அறைகள் கட்டினார்கள். மரங்கள் போய்விட்டன, பெயர் மட்டும் நின்றுவிட்டது. சிங்களத்தில் வத்த, தமிழில் தோட்டம். இரண்டு தோட்டத்திலும் ஒரு செடி நட்டு இது என்னுடையது என்று சொல்ல அவருக்குச் சொந்தமாக ஒரு சாண் நிலம் இருக்கவில்லை. ஆனாலும் லயத்து வாசலில் நாலு பாத்தி இருந்ததாம். கொழும்புத் தோட்டத்திலும் வாசல்படியோரம் ஒரு பெயின்ட் வாளியில் கறிவேப்பிலை நின்றது. அது எனக்கே ஞாபகம் இருக்கிறது. பக்கத்து வீட்டு ஆட்கள் கேட்காமலே உருவிக்கொண்டு போவார்கள். நாங்கள் மாடிக்கு வந்தபோது அந்த வாளி வரவில்லை. லிஃப்டில் கட்டிலை ஏற்றவே சண்டை.

2010 இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் போனது. அதன் பிறகு கொழும்பில் 68,000க்கும் மேற்பட்ட குடும்பங்களைத் தோட்டங்களிலிருந்து தொடர்மாடிகளுக்கு மாற்றுவது என்று கணக்குப் போட்டார்கள். முதலில் எழும்பிய கட்டடங்களில் ஒரு வீடு ஏறத்தாழ 400 சதுர அடி. அது குடிசையை விடப் பெரிதுதானே என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அறைகளை மட்டும் அளந்தால் சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் தோட்டத்து வீடு வாசல்படியோடு முடிவதில்லை. வெளியில்தான் துணி காயும், அப்பம் சுடுவார்கள், கிழவிகள் இருந்து கதைப்பார்கள். அந்தக் கணக்கில் வாசல் வரவே இல்லை.

இப்போது நான் பழகிய கதை. முதலில் செய்தது எல்லாரும் செய்கிற பிழைதான்: யூடியூப் பார்த்துக் கொத்தமல்லி போட்டேன். சமையலறைப் போத்தலில் இருந்த மல்லியை அப்படியே யோகட் கப்பில் கொட்டி, காலையும் பின்னேரமும் தண்ணீர். பத்து நாளில் மூன்று முளை, இரண்டு கிழமையில் மூன்றும் சாய்ந்தன. பிறகுதான் ஒவ்வொன்றாக விளங்கியது. ஒரு மல்லிக்குள் இரண்டு விதை இருக்கிறது, மெதுவாக நசுக்கிப் பிளந்து போட வேண்டும். முளைத்ததை இடம் மாற்றினால் அதற்குப் பிடிக்காது. கொழும்பு வெக்கையில் இலை விடுவதற்கு முன்பே பூக்கப் பார்க்கும். பழகுகிற ஆட்களுக்குக் கொத்தமல்லி சரிவராது என்பது என் அபிப்பிராயம். நுவரெலியாக்காரர்கள் வளர்க்கட்டும், நாம் வாங்குவோம்.

புதினா வேறு மாதிரி. சந்தையில் வாங்கிய கட்டில் தடித்த தண்டாக இரண்டை எடுத்து, கீழ் இலைகளைக் கிள்ளி, ஒரு கிளாஸ் தண்ணீரில் வையுங்கள். ஒரு கிழமை, பத்து நாளில் வேர் வந்துவிடும். கற்பூரவள்ளி இன்னும் சுகம், ஒரு கொப்பை உடைத்துக் குத்தினால் போதும். ஆனால் தண்ணீர் கூடினால் அழுகும். ரம்பைக்கு அடிக்கன்று ஒன்று வேண்டும், நிழலைப் பொறுத்துக்கொள்ளும். வாளியின் அடியில் சூடாக்கிய ஆணியால் நாலைந்து துளை போட வேண்டும். மண்ணை மட்டும் நிரப்பாமல் தும்புத்தூளும் கூட்டெருவும் கலந்தால் பாரமும் குறையும். "மண்ணில்லாம என்னத்த புள்ள வளக்கப்போற?" என்று தும்புத்தூளைப் பார்த்து அம்மாச்சி சிரித்தார். இப்போது அவர்தான் எனக்கு முதல் எழும்பித் தண்ணீர் ஊற்றுகிறார், அளவுக்கு மிஞ்சி.

உண்மையில் கஷ்டம் வெயில்தான். ஆங்கில வீடியோக்கள் எல்லாம் "தெற்குப் பார்த்த ஜன்னலில் வையுங்கள்" என்கின்றன. அது ஐரோப்பாவுக்குச் சரி. கொழும்பு பூமத்திய ரேகையிலிருந்து ஏழு பாகை வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் முதல் கிழமையளவில் சூரியன் எங்கள் தலைக்கு நேர் மேலே வந்து, பிறகு வடக்கே போய், செப்டம்பர் முதல் கிழமையளவில் திரும்பவும் தலைக்கு மேல் வந்து தெற்கே போகிறது. எங்கள் ஒரே ஜன்னல் வடக்குப் பார்த்தது. களனி கங்கையும் புதுப் பாலமும் தெரியும். அந்த விளிம்பில் மே, ஜூனில் புதினா கொழித்தது. செப்டம்பர் கடந்ததும் வெளிறித் தண்டு நீண்டது. உரம் காணாது என்று நினைத்து முட்டைக்கோது, தேயிலைச் சக்கை எல்லாம் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. தெற்குப் பக்கம் திறந்த கொரிடோருக்குக் கொண்டுபோய் வைத்தேன், பத்து நாளில் நிமிர்ந்துவிட்டது. அதாவது வருசத்தில் ஏறத்தாழ ஏழு மாதம் எங்கள் வீட்டு வெயில் கொரிடோரில்தான் இருக்கிறது. அந்த நோட்டீஸ் எடுக்கச் சொன்னது சாடியை மட்டுமில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

2022 ஜூனில், சாமான் விலை எல்லாம் தலைக்கு மேல் போயிருந்த நேரம், அரச ஊழியர்களுக்கு மூன்று மாதத்துக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுக்க அமைச்சரவை முடிவெடுத்தது. வீட்டுத் தோட்டம் செய்யச் சொல்லி! எங்கள் மாடியில் அரச வேலையில் இருந்த ஒரு அங்கிள் அந்த வெள்ளிக்கிழமைகளில் பெற்றோல் வரிசையில் நின்றார். அவரைக் குறை சொல்ல முடியுமா? நாலாயிரம் சதுர அடிக் காணி உள்ளவனுக்கும் ஒரு ஜன்னல் உள்ளவனுக்கும் ஒரே அறிவுரை. நாலு சாடி புதினாவில் ஒரு குடும்பம் பசியாற முடியாது. தேத்தண்ணிக்கு ஒரு இலை, இருமலுக்கு ஒரு கற்பூரவள்ளிக் கசாயம், சோற்றுக்கு ஒரு துண்டு ரம்பை, அவ்வளவுதான். "நீயே வளர்த்துச் சாப்பிடு" என்பது ஒரு அரசாங்கம் விலைவாசிக்குச் சொல்லக்கூடிய பதில் இல்லை. ஆனால் அப்படிச் சொன்னவர்கள் வளர்ப்பதற்கு இடத்தையாவது விட்டுவைத்திருக்கலாம்.

கமிட்டிப் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, மறைக்கவில்லை. முதலாவது டெங்கு. 2017 இல் நாட்டில் ஒரு இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கு வந்தது. அந்த வருசம் என்னுடைய வகுப்புப் பிள்ளைகளிலும் சிலர் வாட்டில் கிடந்தார்கள். சாடிக்குக் கீழே வைக்கிற தட்டில் நிற்கிற தண்ணீர் போதும் நுளம்புக்கு. முட்டை பறக்கிற நுளம்பாக ஏழு, பத்து நாள் எடுக்கும் என்பதால், கிழமைக்கு ஒருக்கா தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவினால் அந்தச் சுற்று அறுபடும். நான் தட்டையே விட்டுவிட்டேன், கீழே ஒரு பழைய துணி. இரண்டாவது, நெருப்புப் பிடித்தால் ஓடுகிற வழி. பதினொரு சாடியும் ஒரே சுவரோரமாக இருந்தன, ஆனால் நாளைக்கு இருபதாகலாம், ஒத்துக்கொள்கிறேன். மூன்றாவது, ஒன்பதாம் மாடி விளிம்பிலிருந்து ஒரு வாளி விழுந்தால் கீழே போகிறவர் கதி. அதற்கு என்னிடம் பதில் இல்லை, விளிம்பில் வைக்கவே கூடாது.

அப்படியென்றால் மொட்டை மாடியைத் திறவுங்கள். தண்ணீர்த் தாங்கிகள் ஒரு பக்கம், மற்றப் பக்கம் வெறும் கொங்கிரீட், கதவில் பூட்டு. பிள்ளைகள் ஏறுவார்கள் என்று பயமென்றால் திறப்பை மாடிக்கு ஒருவரிடம் கொடுக்கலாம். பாரம் தாங்குமா என்று ஒரு பொறியியலாளரிடம் கேட்கலாம். சாடிக்கு வீட்டு இலக்கம் எழுதலாம், தட்டில் தண்ணீர் நின்றால் அந்த வீட்டுக்காரரைப் பிடிக்கலாம். இதையெல்லாம் எழுதி இரண்டு மொழியிலும் ஒரு கடிதம் கொடுத்தோம். பதினான்கு வீடு கையெழுத்து வைத்தது. கடிதம் கிடைத்தது என்றார்கள், அதோடு சரி.

அந்த ஞாயிற்றுக்கிழமை கொரிடோரைக் காலி செய்தோம். ரம்பை குளியலறை ஜன்னலுக்குப் போனது, அது சமாளித்துக்கொள்கிறது. கற்பூரவள்ளியை வெள்ளவத்தையில் பல்கனி உள்ள ஒரு கூட்டாளியிடம் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இஞ்சியைத் தோண்டிப் பார்த்தால் வைத்ததை விடக் கொஞ்சம் பெருத்திருந்தது, அம்மாச்சி அன்றைக்கே தேத்தண்ணியில் போட்டுவிட்டார். புதினா வடக்கு ஜன்னலுக்குள்ளே வெளிறிப்போய் நிற்கிறது. ஏப்ரலுக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது. அதுவரை தாங்காது என்று அம்மாச்சி சொல்கிறார். இரண்டு தண்டை வெட்டிக் கிளாஸில் போட்டு வைத்திருக்கிறேன்.