பெட்டியில் போட்டதை நம்பாதீங்க, குழலை அளந்து பாருங்க

ஊர்ப்பக்கம் வர்ற நகரத்து நண்பர்கள் சிலர் இப்போ ஏர் ரைஃபிளும் கையுமா வர்றாங்க. 4.5 மில்லிமீட்டர் குழல், 20 ஜூலைத் தாண்டாத ஆற்றல் என்றால் லைசென்ஸ் வேண்டாம் என்கிறது 2016 ஆயுத விதிகள். விலை, வேகம் எல்லாம் மனப்பாடமாச் சொல்வாங்க. "உள்ளே மரை எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுத்து?" என்று கேட்டால் முழிப்பாங்க. அது தெரியாமல் குறி பார்க்க உட்காரவே கூடாது என்பது என் கட்சி.

குழலுக்குள் சாய்வா ஓடும் பள்ளங்கள்தான் குண்டைச் சுழற்றுது. பம்பரம் மாதிரிதான்; சுத்து குறைஞ்சா தலையாட்டும். குண்டு நீள நீள, சுத்தும் கூடணும். அமெரிக்க ராணுவமே இதில் பாடம் படிச்சிருக்கு. எம்16-இன் ஆரம்பக் குழல்களில் 14 அங்குலத்துக்கு ஒரு சுத்து. கடுங்குளிர்க் காற்றில் குண்டு தள்ளாடியதால் 12 ஆக்கினாங்க. பிறகு நீளமான குண்டுகள் வந்தபோது 7 ஆச்சு.

அளக்கப் பட்டறை வேண்டாம். முதலில் குழல் காலியா, ஸ்பிரிங் இழுக்காமல் இருக்கா என்று பாருங்க. கைப்பிடி தனியாச் சுழலும் துடைப்புக் கம்பியில் துணியை இறுக்கமாச் சுத்தி, குழல் வாயில் நாலு விரக்கடை உள்ளே தள்ளுங்க. வாய்க்கு நேரா கம்பியின் மேல்பக்கம் ஒரு குறி. கம்பி நெடுக, அதே மேல்பக்கத்தில் ஒரு கோடு. மெதுவாத் தள்ளினா கம்பி தானாத் திரும்பும். கோடு ஒரு சுத்து சுத்தி மறுபடி மேலே வந்ததும், வாய்க்கு நேரா இன்னொரு குறி. ரெண்டு குறிக்கும் நடுவில் உள்ள நீளம்தான் விடை. குழல் குட்டைன்னா அரைச் சுத்தை அளந்து ரெண்டால் பெருக்குங்க. துணி வழுக்கினா அளவு கூடிக் காட்டும். மூணு தடவை ஒத்துவந்தா மட்டும் நம்புங்க.

"பெல்லட் இறகுப்பந்து மாதிரி இடுப்பு ஒடுங்கினது, காத்தே அதை நேராக்கிடும், இதெல்லாம் எதுக்கு?" என்பீங்க. சரிதான். ஆனா இப்போ ஸ்லக் என்று கெட்டியான நீளக் குண்டும் விக்குது. அதுக்குச் சுத்துதான் துணை. பயிற்சி மைதானத்தில் குண்டைத் தாங்க மண்மேடு இருக்கும். இங்கே வரப்புக்கு அந்தாண்டை களை எடுக்கிற பெண்கள் இருப்பாங்க.

விதை மூட்டையில் என்ன அச்சடிச்சிருந்தாலும், ஈரச் சாக்கில் நூறு விதையை முளைக்க வெச்சு எண்ணிட்டுத்தான் நாங்க வயலில் இறங்குறோம். அந்த வழக்கம் துப்பாக்கிக் குழலுக்கும் வரட்டும்.