'ஓல்ட்' என்னும் சொல்லும் பழைய மாணவரும்

தோப்பூரில் ஒரு வீட்டுத் திண்ணையிலே கல்லூரி விழாவின் ஆங்கில அழைப்பிதழ் வாசிக்கப்பட்டபோது நாமும் அங்கிருந்தோம். வாசித்தவன் எட்டாம் வகுப்பு மாணவன். 'ஓல்ட் போய்ஸ்' என்னுமிடத்தில் நிறுத்தி, "அண்ணனுக்கு 21 வயதுதானே, அவர் எப்படிக் கிழவரானார்?" என்றான். இருந்தோர் நகைத்தனர். வினாவோ நகைப்புக்குரியதன்று.

ஆங்கிலேயர் இவ்வொரு சொல்லைக் கொண்டு பல காரியம் பார்க்கின்றனர். முதியவரும் 'ஓல்ட்', கிழிந்த சட்டையும் 'ஓல்ட்', நெடுநாள் நண்பரும் 'ஓல்ட்'. நேற்றுப் பிறந்த குழவியின் வயதைச் சொல்லவும் அதுவே வேண்டும். தோப்பூருக்கு அயலிலுள்ள கொட்டியாரக் குடாக்கரையில் 1660 இல் கண்டியரசனின் ஆட்களிடம் அகப்பட்ட றொபேட் நொக்ஸ் 19 வயது இளைஞன். ஆங்கிலத்தில் அவனும் 19 ஆண்டு 'ஓல்ட்' தான்! தமிழிலோ ஆளுக்கு முதுமையும் பொருளுக்குப் பழமையும் வெவ்வேறு சொற்கள். 'பழைய மாணவர்' என மொழிபெயர்த்த நம் முன்னோர் வயதை நோக்கினாரல்லர்.

இப்பொழுது சிலர், 'பழைய' என்பது பழஞ்சோற்றையும் பழந்துணியையும் நினைவூட்டுகின்றதென நாணி, தமிழ்நாட்டு வழக்கைப் பின்பற்றி 'முன்னாள் மாணவர்' என்று மாற்றவேண்டும் என்கின்றனர். (பழஞ்சோறு உண்டு வயலுக்குப் போனவர் இங்ஙனம் நாணார்.) நாம் இதற்கு உடன்படோம். முன்னாள் அமைச்சர் என்பவர் பதவி நீங்கியவர். அவருக்கு அமைச்சில் இனி அலுவலில்லை. பழைய நண்பரோ நட்பு நீங்கியவரல்லர். திருவள்ளுவர் 'பழைமை' என ஓர் அதிகாரமே வகுத்து, நெடுநாட் பழகியோர் உரிமையாற் கேளாது செய்வனவற்றையும் விரும்பியேற்கும் பண்பைப் பேசுகின்றார். நமக்கும் கல்லூரிக்கும் உள்ள தொடர்பு அத்தகையது. ஆய்வுகூடத்தின் கூரை ஒழுகினால் அழைப்பை எதிர்பாராது சென்று பார்க்கும் உரிமை பழையவருக்கு உண்டு, முன்னாளவருக்கு ஏது?

'அலும்னை' என்போரும் உளர். அது இலத்தீன், வளர்க்கப்பட்டோர் என்பது பொருள். 'ஓல்ட்' என்பதும் வளர்தலைக் குறித்த அதே வேரிலிருந்து கிளைத்ததே என்பர் சொல்லாராய்ச்சியாளர். வேர்வழி நோக்கின், 'ஓல்ட் போய்' கிழவனல்லன், வளர்ந்த பையன்.

இவ்வளவையும் அச்சிறுவனுக்குச் சொன்னோம். சற்று யோசித்து, கல்லூரியை விட்டு விலகிய மறுநாளே தானும் பழைய மாணவனாகலாமா என்று கேட்டான். சந்தாப் பணம் கட்டினால் ஆகலாம் என்றோம்.