கொடையாளரைக் கர்ணன் என்று அழைக்கலாமா?

டயாலிசிஸ் பிரிவுக்கு வரும் நோயாளி ஒருவர், பெரும்பாலும் வாரத்திற்கு மூன்று நாள்கள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இயந்திரத்தின் அருகே படுத்திருக்க வேண்டியிருக்கிறது. அந்நேரத்தைக் கழிக்கப் பேச்சைத் தவிர வேறு துணை அதிகம் இல்லை. இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய இடங்களிலிருந்து வருவோர் அடுத்தடுத்த கட்டில்களில் இருக்கும் எங்கள் பிரிவில், சில வாரங்களாகக் 'கர்ண மோட்சம்' பேசுபொருளாக இருந்துவருகிறது. உறவினர் ஒருவரின் கருமாதிக்காகச் செய்யாறு பக்கம் சென்று, விடிய விடிய அக்கூத்தைப் பார்த்துத் திரும்பிய ஒருவர் அதைத் தொடங்கிவைத்தார்.

துறைமுக வேலைக்காகவும் ஆலை வேலைக்காகவும் வடசென்னையில் குடியேறிய குடும்பங்கள் பலவற்றுக்குப் பழைய செங்கல்பட்டு, வட ஆர்க்காடு மாவட்டங்களே பூர்வீகம். அவ்வூர்களில், இறந்தவருக்கான பதினாறாம் நாள் சடங்கை ஒட்டிய இரவில் கர்ண மோட்சம் ஆடுவது வழக்கம். புகழேந்திப் புலவர் பெயரால் வழங்கும் நாடகம் அது. கூத்தைக் காணாதவர்களும் 1964இல் வெளிவந்த சிவாஜி கணேசனின் 'கர்ணன்' படத்தைக் கண்டிருக்கிறார்கள். 2012இல் அது மீண்டும் திரைக்கு வந்தபோது பிள்ளைகளை அழைத்துச் சென்றதாகச் சிலர் கூறினர். ஆகவே கதையை எவருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

எங்கள் கவனத்தை ஈர்த்தது, ஒவ்வொருவரும் வெவ்வேறு இடத்தில் கலங்கியதுதான். தேர்ச்சக்கரம் மண்ணில் புதையும் காட்சி பேசப்பட்டபோது, முன்பு துறைமுகத்தில் சுமை தூக்கிய ஒருவர் தம் வீங்கிய கால்களைப் பார்த்துக்கொண்டார். துணைக்கு வந்திருந்த மனைவியர் பேசியதெல்லாம் பொன்னுருவியைப் பற்றி. பிறப்பைச் சொல்லிக் கணவனை இகழ்ந்தவள், உண்மை தெரிந்தபின் அவனைப் போருக்கு விட மனமின்றித் தவிக்கிறாளே, அந்தத் தவிப்பு அவர்களுக்குப் புதிதன்று. ஆனால் பேச்சு கடைசியில் கொடையில் வந்து நின்றது. தம்பிக்குச் சிறுநீரகம் தர முன்வந்த அண்ணன் ஒருவரைக் காட்டி, "இதோ நம்ம கர்ணன்" என்றார் ஒருவர். எல்லோரும் மகிழ்ந்தார்கள். அந்த அண்ணன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது, மகனின் கட்டிலருகே அமர்ந்திருந்த முதிய தாய் ஒருவர் கேட்டார்: "கேக்கறவங்களுக்கெல்லாம் குடுத்தான், சரி. வேணாம்னு சொல்ல அவனுக்கு யாராவது வழி உட்டாங்களா?"

அக்கேள்வியை நாங்கள் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. கதையை அந்தக் கண்கொண்டு பார்த்தால் அச்சமாக இருக்கிறது. உடலோடு ஒட்டிப் பிறந்த கவசத்தைக் கேட்க இந்திரன் அந்தணனாக வருகிறான். சூரியன் முன்பே எச்சரித்தும் கர்ணன் அதை அறுத்துக் கொடுக்கிறான். நாகாஸ்திரத்தை இரண்டாம் முறை ஏவாதே, அர்ச்சுனனைத் தவிர மற்றவரைக் கொல்லாதே என்று வரம் பெறக் குந்தி தாயாக வருகிறாள். களத்தில் குற்றுயிராய்க் கிடப்பவனிடம் புண்ணியம் முழுவதையும் கேட்கக் கண்ணன் முதியவனாக வருகிறான். மூவரும் அவனால் மறுக்க இயலாது என்று தெரிந்தே வந்தவர்கள். அவனுடைய வீழ்ச்சிக்கு விதியைக் காரணம் சொல்வோர் பலர். எங்களுக்கோ, ஊர் அவனுக்குச் சூட்டிய வள்ளல் என்னும் பெயரே அவன் வாயைக் கட்டிவிட்டதாகத் தோன்றுகிறது.

இதை இங்கே எழுதக் காரணம் உண்டு. உறுப்புக் கொடையாளரைக் கர்ணன் என்று புகழ்வதை நாங்களும் பலமுறை செய்திருக்கிறோம். நல்லெண்ணத்தில்தான். ஆனால் முடிவெடுக்காத ஒருவரை அப்பெயரால் அழைத்தால், அவர் பின்வாங்கும் பாதையை நாம் அடைத்துவிடுகிறோம். நம் நாட்டில் உயிருடன் இருக்கும்போதே சிறுநீரகம் தருவோரில் பெரும்பான்மையினர் பெண்கள். பெறுவோரில் பெரும்பான்மையினர் ஆண்கள். வீட்டில் மறுத்துப் பேசிப் பழக்கமில்லாதவரிடமே பெரிதும் கேட்கப்படுகிறது என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம், கொடையாளர் எவ்வித வற்புறுத்தலுமின்றித் தம் விருப்பத்தின்படி தர வேண்டும் என்கிறது. கையொப்பம் இட்ட பிறகும், அறுவை சிகிச்சை தொடங்கும் வரை, அவர் மனம் மாறலாம். அதனால்தான் கொடையாளரைக் குடும்பத்தார் இல்லாமல் தனியே சந்திக்கிறோம். அங்கு அவர் கூறுவதை வெளியில் எவரிடமும் கூறுவதில்லை. "நாங்கள் உடன் இருந்தால் என்ன?" என்று கோபிக்கும் உறவினர்கள் இதனைப் பொறுத்தருள வேண்டும்.

உடல்நலம் உள்ளவர் ஒரு சிறுநீரகத்தோடு நன்றாக வாழ முடியும். எனினும் அது பெரிய அறுவை சிகிச்சை. சில வாரங்கள் பளு தூக்கக் கூடாது. பிறகு ஆயுள் முழுவதும் ஆண்டுதோறும் பரிசோதனை வேண்டும். வலை இழுத்தும் மூட்டை சுமந்தும் பிழைக்கும் வீட்டில் அச்சில வாரங்களின் பொருள் என்ன என்பதைக் கணக்கிட்டே பேச வேண்டும். மாற்றுச் சிறுநீரகம் டயாலிசிஸைக் காட்டிலும் பொதுவாக நல்ல வாழ்வு தருகிறது என்பதை நாங்கள் மறைக்கவில்லை. ஆயினும் ஒருவர் மறுத்தால் மற்றவரின் கதை அன்றோடு முடிந்துவிடுவதில்லை. டயாலிசிஸ் தொடரும், மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புக்காகத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தில் பதிவு செய்து காத்திருக்கவும் வழி உண்டு.

அந்தத் தாயைப் பற்றி ஒரு சொல். அடையாளம் தெரியாதவாறு விவரங்களை மாற்றியிருக்கிறோம். தம் சிறுநீரகத்தை எடுத்துக்கொள்ளுமாறு அவர் முதல் மாதமே எங்களிடம் வந்தார். சர்க்கரை நோய் இருப்பதால் இயலாது என்றோம். அவருக்கு ஒரு மகளும் உண்டு. மணமாகி, இரண்டு சிறு பிள்ளைகளுடன் இருக்கிறார். இதுவரை அந்த மகளிடம் அவர் கேட்கவில்லை. "அவளுக்குத் தோணினா அவளே வருவா" என்கிறார். அன்றும் மகனுக்கு இயந்திரம் நின்றதும், வெற்றுச் சோற்றுப் பாத்திரத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு, புதன்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டு எழுந்தார்.