லாலானும் கொடியும் ஒன்றா?

போன மாதம் காலை நிகழ்ச்சியில், "செம்பனைக் காட்டில் மண்டிக் கிடக்கும் களைகள்" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டேன். நிகழ்ச்சி முடிந்ததும் பகாவிலிருந்து அழைப்பு. அம்மாதான்.

"என்னடி, எல்லாத்தையும் களைன்னு சொல்லிட்ட? லாலானும் கொடியும் ஒண்ணா?"

அம்மா தோட்டத்தில் பதினெட்டு வருடம் மருந்து அடித்தவர். எதை அடிப்பது, எதை விடுவது என்பதெல்லாம் மனப்பாடம். லாலான் மண்ணுக்கடியில் தண்டு ஓட்டி, இளங்கன்றின் உரத்தையும் நீரையும் பிடுங்கும். காய்ந்தால் சட்டென்று தீப்பிடிக்கும். புதுநடவில் படரவிடும் பியூரேரியா கொடியோ அவரை இனம். அதன் வேர் முடிச்சிலுள்ள பாக்டீரியா காற்றின் நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கும். இலை மழையடியைத் தாங்கும். ஆரம்ப கால ரப்பர் தோட்டங்களில் ஒரு புல் விடாமல் சுரண்டினார்கள். மேல்மண் மழையோடு போன பிறகுதான் இந்தக் கொடிகளுக்கு மரியாதை வந்தது.

பாதையோரம் பூத்திருக்கும் டர்னேரா அழகுக்காக என்றுதான் நான் (மீடியா படித்த அறிவாளி!) நினைத்திருந்தேன். அதன் தேனுக்கு வரும் சிறு குளவிகள், செம்பனை ஓலையைத் தின்னும் புழுக்களின் உடம்பில் முட்டையிட்டு அவற்றைக் கொல்கின்றனவாம்.

பெயரைப் பார்க்காமல் வேலையைப் பார்த்துப் பிரிக்கும் இந்த வழக்கம் தாவர ஆய்வாளர்களிடமும் உண்டு. நம் நெகிரி செம்பிலானின் பாசோ காட்டில், 1980-களின் நடுவில் 50 ஹெக்டர் நிலத்தை அளந்து, ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள கன்று வரைக்கும் எண் போட்டு எண்ணினார்கள். 800-க்கும் மேற்பட்ட இனங்கள்! அத்தனை பெயரையும் யார் நினைவில் வைப்பது? பெரிய மரம் சாய்ந்து வெயில் விழுந்த இடத்தில் முதலில் முளைத்து ஓடும் மகாங் ஒரு கூட்டம். நிழலிலேயே ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் மெராந்திக் கன்றுகள் இன்னொரு கூட்டம்.

அம்மா அடித்த மருந்துக்கு இந்தப் பாகுபாடு கிடையாது. பாரகுவாட் பச்சையாக எதன்மேல் பட்டாலும் கருக்கும். கொடிமேல் படாமல் குழாயைத் திருப்பியது அம்மாவின் கை. கையுறை இல்லாமல் மருந்து கலக்கியதில் நகங்கள் கழன்று விழுந்ததும் அதே கையில்தான். 2020 ஜனவரியில் அந்த மருந்துக்கு இங்கே தடை வந்தபோது, அம்மா வேலையை விட்டு நாலு வருடம் ஆகியிருந்தது.

மறுவாரம் வானொலியில் திருத்தம் சொன்னேன். மறுபடியும் அழைப்பு.

"நல்லாத்தான் பேசுன. டர்னேராவ விட்டுட்டியே?"