225 கோல் அடித்தவருக்கு உலகக் கோப்பையில் இடமில்லை! - தீயணைப்பு வீரர் நோர்டாலின் கதை

இத்தாலி லீக்கில் அதிக கோல் அடித்த வெளிநாட்டு வீரர் யார்? மரடோனா, பிளாட்டினி, ரொனால்டோ என்று பெயர்கள் வரிசையாக நினைவுக்கு வரும். ஆனால், சரியான விடை பலரும் கேள்விப்பட்டிராத ஒரு பெயர். குன்னார் நோர்டால். ஸ்வீடன்காரர். 291 போட்டிகளில் 225 கோல்கள். கடைசியாக அவர் அங்கே ஆடி 60 ஆண்டுகளுக்கு மேலாகியும், அந்தச் சாதனை அவரிடம்தான் இருக்கிறது.

இவ்வளவு பெரிய ஸ்ட்ரைக்கர் எத்தனை உலகக் கோப்பைப் போட்டிகளில் ஆடினார் தெரியுமா? ஒன்றில்கூட இல்லை!

வேலை தீயணைப்பு, பொழுதுபோக்கு கோல்

1921-ல் ஸ்வீடனின் வடக்கே, ஹோர்னெஃபோர்ஸ் என்ற சின்ன ஊரில் பிறந்தவர் நோர்டால். வீட்டில் ஐந்து சகோதரர்கள். ஐந்து பேருமே நாட்டின் முதல்நிலை லீக்கில் ஆடியவர்கள்!

அன்றைய ஸ்வீடனில் கால்பந்து ஆடிச் சம்பாதிக்க முடியாது. எல்லோரும் அமெச்சூர் வீரர்கள்தான். பகலில் ஒரு வேலை, மற்ற நேரத்தில் ஆட்டம். நோர்டாலுக்குத் தீயணைப்பு நிலையத்தில் வேலை. 1944-ல் அவர் சேர்ந்த நார்ஷெப்பிங் அணி, 1945 முதல் 1948 வரை தொடர்ந்து நான்கு முறை சாம்பியன் ஆனது. ஒரே போட்டியில் 7 கோல்கள் அடித்த நாளும் உண்டு.

கோல் வலைக்குள் ஒரு குதி

1948 லண்டன் ஒலிம்பிக்ஸ். குன்னார், பெர்டில், க்னூட் என மூன்று நோர்டால்கள் ஸ்வீடன் அணியில். தென்கொரியாவை 12-0 என்று வீழ்த்திய போட்டியில் குன்னாருக்கு மட்டும் 4 கோல்கள்.

டென்மார்க்குடனான அரையிறுதியில் நடந்தது இன்றும் பேசப்படுகிறது. சக வீரர் கார்ல்சன் பந்தைத் தலையால் முட்டப்போகும் நேரம், நோர்டால் ஆஃப்சைடில் நின்றிருந்தார். அப்படியே நின்றால் கோல் செல்லாமல் போகலாம். சட்டென்று கோல் வலைக்குள் பாய்ந்து ஆட்டக்களத்தை விட்டே வெளியேறிவிட்டார். பந்தும் பின்னாலேயே வலைக்குள் வந்து அவர் கைகளில் விழுந்தது. கோல்!

இறுதிப் போட்டியில் யூகோஸ்லாவியாவை 3-1 என்று வென்று ஸ்வீடன் தங்கம் வாங்கியது. 7 கோல்களுடன், அந்த ஒலிம்பிக்ஸில் அதிக கோல் அடித்தவர்களில் ஒருவரானார் நோர்டால். நாட்டுக்காக 33 போட்டிகள், 43 கோல்கள். வயது 27-தான். ஆனால், அந்தக் கணக்கு அதோடு நின்றுபோனது.

சம்பளமா, தேசிய அணியா?

1949 ஜனவரியில் இத்தாலியின் ஏசி மிலன் கிளப்பில் சேர்ந்தார் நோர்டால். அங்கே ஆட்டத்துக்குச் சம்பளம் உண்டு. சம்பளம் வாங்கினால் தொழில்முறை வீரர். தொழில்முறை வீரருக்கு ஸ்வீடன் அணியில் இடமில்லை. அன்றைய விதி அதுதான்.

மிலனோ கொண்டாடியது. ஒலிம்பிக்ஸில் கூட ஆடிய கிரென், லீட்ஹோம் இருவரும் அதே ஆண்டில் வந்து சேர, மூன்று பெயர்களையும் ஒட்டவைத்து 'கிரே-நோ-லி' என்று அழைத்தார்கள் ரசிகர்கள். 1949-50 சீசனில் நோர்டால் அடித்தது 35 கோல்கள். அந்தச் சாதனையை முறியடிக்க 2016-ல் 36 கோல்கள் அடித்த ஹிகுவைன் வரவேண்டியிருந்தது. 1951-ல் மிலன் லீக்கை வென்றது. 44 ஆண்டுக் காத்திருப்புக்குக் கிடைத்த கோப்பை அது. ஐந்து முறை லீக்கில் அதிக கோல் அடித்தவர் நோர்டால்தான்.

இதற்கு நடுவே வந்தது 1950 உலகக் கோப்பை. பிரேசிலில் ஸ்வீடன் இருந்த பிரிவில் இத்தாலி, பராகுவே, இந்தியா. ஆம், நம் இந்தியாவேதான்! ஆனால், இந்திய அணி போகவில்லை. ஸ்வீடன் அங்கே இத்தாலியை 3-2 என்று வீழ்த்தியது. இத்தாலி லீக்கையே அந்த ஆண்டு கலக்கிய ஸ்வீடன்காரர் மட்டும் களத்தில் இல்லை. அவர் இல்லாமலே மூன்றாம் இடம் பிடித்தது ஸ்வீடன். அவர் இருந்திருந்தால்?

தாமதமாகத் திறந்த கதவு

1958-ல் உலகக் கோப்பை ஸ்வீடனிலேயே நடந்தது. அதற்குள் விதி தளர்ந்துவிட்டது. இத்தாலியில் ஆடியவர்களும் அழைக்கப்பட்டார்கள். 35 வயது லீட்ஹோம் கேப்டன். 37 வயது கிரெனும் அணியில். பிரேசிலுடனான இறுதிப் போட்டியில் முதல் கோல் அடித்தவரே லீட்ஹோம்தான். கடைசியில் 17 வயது பீலேவின் பிரேசில் 5-2 என்று வென்றது தனிக் கதை.

'கிரே'யும் 'லி'யும் ஆடினார்கள். நடுவில் இருந்த 'நோ' மட்டும் இல்லை. மிலனுக்குப் பிறகு ரோமாவுக்கும் ஆடி முடித்த நோர்டாலுக்கு அப்போது 36 வயது. ஒரு ஸ்ட்ரைக்கரின் பொன்னான பத்து ஆண்டுகள், தேசிய அணிக்கு வெளியிலேயே கழிந்துவிட்டிருந்தன.

அவர் செய்த 'குற்றம்' என்ன? தெரிந்த தொழிலுக்குக் கூலி வாங்கியது. தீயை அணைத்துச் சம்பளம் வாங்கியபோது யாரும் கேள்வி கேட்கவில்லை. கோல் அடித்துச் சம்பளம் வாங்கியபோது நாட்டுச் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். கோடிகளில் ஏலம் போகும் வீரர்களே நாட்டுக்காகவும் ஆடும் இந்தக் காலத்தில், இப்படியும் ஒரு விதி இருந்தது என்பதை நம்புவதே கடினம்.

1995-ல் இத்தாலியின் சார்டினியா தீவில் காலமானார் நோர்டால். அதற்கு 25 ஆண்டுகளுக்கு முன்பே அவருடைய குறை ஒருவகையில் தீர்ந்திருந்தது. 1970 மெக்சிகோ உலகக் கோப்பைக்கான ஸ்வீடன் அணிப் பட்டியலில் ஒரு நோர்டால் இருந்தார். பெயர், தாமஸ். குன்னாரின் மகன்!