சோழ வம்சத்தின் அம்மா பக்கம்

காட்டுப்பாக்கம் ஸ்டாப்பில் காலேஜ் பஸ்ஸுக்கு நிற்கும் யாரிடமாவது "குந்தவை யாரு?" என்று கேட்டுப் பாருங்கள். 2022-ல் வந்த படத்தின் புண்ணியத்தில் "த்ரிஷா!" என்று பதில் வரும். கதையைப் படித்தவர் என்றால் ராஜராஜ சோழனின் அக்கா என்பார். சரிதான். ஆனால் ராஜராஜன் தன் மகளுக்கும் அதே பெயரைத்தான் வைத்தான். அந்தச் சின்னக் குந்தவையை அவ்வளவாக யாருக்கும் தெரியாது. அவள் மருமகள் அம்மங்கையை அதைவிடத் தெரியாது.

சின்னக் குந்தவை, வேங்கி நாட்டுக் கீழைச் சாளுக்கிய மன்னன் விமலாதித்தனுக்கு வாழ்க்கைப்பட்டாள். அவள் மகன் ராஜராஜ நரேந்திரன் (தாத்தா பெயர்!). இவன்தான் நன்னயாவைத் தெலுங்கில் மகாபாரதம் எழுத வைத்தவன். இவனுக்குப் பெண் கொடுத்தது யார்? குந்தவையின் அண்ணன், கங்கை கொண்ட ராஜேந்திர சோழன். அவன் மகள்தான் அம்மங்கை தேவி. நம்ம ஊர் பாஷையில் சொன்னால், அத்தை மகனுக்கு மாமன் மகள். இவர்களுக்குப் பிறந்த பிள்ளை தாய்மாமன் இரண்டாம் ராஜேந்திரனின் மகள் மதுராந்தகியைக் கட்டினான். பாட்டி, அம்மா, பெண்டாட்டி, மூன்று பேரும் சோழப் பெண்கள்.

அந்தப் பிள்ளைதான் 1070-ல் தஞ்சைச் சோழர் அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கன். இவனைப் பற்றி எழுதும்போது "நேர் வாரிசு முடிந்தது, இனி சாளுக்கிய சோழர்" என்று புத்தகங்களில் ஒரு கோடு போட்டுவிடுகிறார்கள். அதிராஜேந்திரன் பட்டத்துக்கு வந்த சில மாதங்களில் இறந்துபோனான், உடனே இவன் வந்தான். அது எப்படி என்று சண்டை போடலாம், போடட்டும். வேங்கிச் செப்பேடுகள் இவனைச் சாளுக்கியனாக எழுதுவதும் உண்மைதான், அவை அப்பா வீட்டுக் கணக்கு. ஆனால் அம்மா வீட்டுக் கணக்கைத் திறக்காமலே ரத்தம் மாறிவிட்டது என்று சொல்வது என்ன நியாயம்? பற்று எழுதி வரவு எழுதாமல் விட்டால் முதல் வருஷம் பி.காம். பையனே பெயில்.

அந்தக் காலத்து ஆட்கள் இவ்வளவு கறாராக இல்லை. கலிங்கத்துப்பரணியில் ஜெயங்கொண்டார் இவனைச் சோழர் பரம்பரையில்தான் வைக்கிறார். பிறந்த குழந்தையைப் பார்த்த பாட்டி, ராஜேந்திரனின் தேவி, இவன் எங்களுக்கு மகனாகத் தக்கவன் என்று மகிழ்ந்ததாகப் பாடுகிறார். சுமார் ஐம்பது வருஷம் ஆண்டு, சுங்கம் தவிர்த்த சோழன் என்று பெயரும் வாங்கினான். (வணிகவியல் மாணவர்கள் கும்பிட வேண்டிய ராஜா.)

இங்கிலாந்தில் வேறு மாதிரி. நார்மன் பிரபு ஸ்ட்ராங்போவின் மகள் இசபெல் டி கிளேர், உயிரோடு அண்ணன் தம்பி இல்லாததால் வேல்ஸ், அயர்லாந்து நிலங்களுக்கெல்லாம் சட்டப்படி வாரிசு. 1189-ல் அரசன் அவளை வில்லியம் மார்ஷலுக்குக் கட்டிவைத்தான். நிலமும் கூடவே போனது. ஐந்து மகன்களும் ஒருவர் பின் ஒருவராகப் பட்டத்துக்கு வந்து வாரிசில்லாமல் இறக்க, சொத்து ஐந்து மகள்களின் வழியில் பிரிந்தது. பெண்ணுக்கு உரிமை உண்டு, ஆனால் பையன் இருந்தால் இல்லை. அம்மங்கைக்கோ மூன்று சகோதரர்கள் வரிசையாக ஆண்டார்கள். ஏட்டில் அவளுக்கு ஒன்றுமில்லை. கடைசியில் நாடு அவள் மகனிடம் வந்தது.

பழைய கதை என்று விடவும் முடியவில்லை. தமிழ்நாட்டில் 1989-லேயே மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று சட்டம் வந்தது, அதற்கு முன் கல்யாணமானவர்களை விட்டுவிட்டு. 2005-ல் நாடு முழுக்க வந்தது. அந்த உரிமை பிறப்பிலேயே வருவது, 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. காட்டுப்பாக்கத்தில் வயல்கள் பிளாட்டாகி, பிளாட்டுகள் அடுக்குமாடியாகி, மேலே மெட்ரோ பாதையும் வந்தாயிற்று. இன்னமும் பத்திரம் போடும் நாளில்தான் அக்கா தங்கச்சிகளுக்கு போன் போகிறது: "ஒரு கையெழுத்துதான், வந்துட்டுப் போயிடும்மா."